பல்லில் தெரிந்த அரிசி

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசல் செக்யூரிட்டி, கையில் ஒரு கிழிந்த பாக்கெட்டோடு முதலாளியிடம் ஓடினார்.

"இன்னா சார் இது... வர்றவங்கல்லாம் பாக்கெட்டக் கிழிச்சிக் கிழிச்சித் துன்னுக்கினு கீறாங்க."

திருடர்கள் இல்லை. எல்லோரும் கௌரவமான மயிலாப்பூர்க்காரர்கள். அதில் அடியேனும் ஒருவன்.

விஷயம் இதுதான். செண்பகா ஸ்டோர்ஸ், மயிலாப்பூரில் ஒற்றை ஷட்டரோடு ஆரம்பித்த மளிகைக் கடை. அப்பா காலமான பிறகு பெரிய பிள்ளை கதிரேசன் அங்கேயே இருந்துவிட்டார். இரண்டாமவர் தி.நகரில் ஒரு கிளை போட்டார். கடைக்குட்டி பாபு பத்து வருஷம் இரண்டு அண்ணன்களுக்கும் மூட்டை பிரித்துக் கொடுத்துவிட்டு, இப்போது அடையாறில் மூன்றாவதைத் திறந்திருக்கிறார். ஏ.சி., சாமான் எடுக்கத் தள்ளுவண்டி, கம்ப்யூட்டர் பில்... மனைவியின் நகை முழுக்க அந்தக் கடைக்குள்தான் இருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. அரிசி கேட்டால் உடனே எடை போட மாட்டார்கள். உள்ளங்கையில் நாலு மணியை வைத்து, "கடிச்சுப் பாருங்க" என்பார்கள். நறுக்கென்று உடைந்தால் பழசு. மாவாக நசுங்கினால் புதுசு — சாதம் குழைந்துவிடும். மயிலாப்பூர்க் கடையில் இருபது வருஷமாகக் கடித்துப் பழகிய கூட்டம், பாலிதீன் பையில் அரிசியைப் பார்த்ததும் சும்மா இருக்குமா?

நானும் 'பழைய பொன்னி' என்று லேபிள் ஒட்டிய பாக்கெட்டின் மூலையைக் கிழித்து, நாலு மணியை வாயில் போட்டேன். நசுங்கியது. இன்னொரு பாக்கெட்... அதுவும் நசுங்கியது.

பக்கத்தில் கடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் பாக்கெட்டை ஓசைப்படாமல் அடுக்கில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

சொல்வதா, வேண்டாமா? அந்தப் பக்கம் பாபு வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நல்ல நாளும் அதுவுமாக இதைப் போய்ச் சொல்லவேண்டுமா? நாளைக்குப் போன் பண்ணினால் போதாதா? பிஸ்கட் வரிசைக்குப் போனேன். சோப்பு வரிசைக்குப் போனேன். மறுபடி அரிசிக்கே வந்து நின்றேன். அதற்குள் கடித்துப் பார்க்காத ஏழெட்டுப் பேர் அந்தப் பாக்கெட்டோடு பில் போடப் போய்விட்டார்கள்.

நல்ல நாட்களில் நல்லவர்களாக இருக்க நமக்குத்தான் எத்தனை ஆசை!

அந்த நேரம் பார்த்து மயிலாப்பூரிலிருந்து கதிரேசன் வந்து சேர்ந்தார். பாபு கிழிந்த பாக்கெட்டை அவரிடம் நீட்டினார்.

"எல்லாம் நம்ம கஸ்டமருங்கதான், அண்ணா. கிழிக்க வேணாம்னு நீங்க சொன்னா கேப்பாங்க."

பெரியவர் வாங்கிக்கொண்டார். பழக்கதோஷம் — நாலு மணியை எடுத்து வாயில் போட்டார்.

"பாபு... இது புதுசுப்பா."

பாபுவின் முகம் வெளுத்துவிட்டது. கோடவுனில் பழைய அரிசியும் புது அரிசியும் குவியல் மாறியிருக்கிறது.

"மெதுவா பேசுங்கண்ணா. நாளைக்கே மாத்திடறேன். முதல் நாளே பேர் கெட்டுடும்."

"உன் கடை. நீ பாத்துக்க." கதிரேசன் அவ்வளவுதான் சொன்னார்.

பாபு சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கடை நடுவே வந்தார்.

"பழசுன்னு லேபிள் போட்டிருக்கறது புது அரிசிங்க. எங்க தப்பு. யாரும் எடுக்காதீங்க."

அடுத்த நிமிடம் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினார். ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மாளை நிறுத்தி, பையிலிருந்த அரிசியைத் திருப்பி வாங்கினார். எனக்குப் பாதி பெருமை, பாதி வெட்கம்.

இருப்புக் கொள்ளாமல் கதிரேசனிடம் போனேன். "தம்பி கடை பேரைக் காப்பாத்திட்டார் சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களே சார்... கடிச்சுப் பாக்கலையா?"

"இல்லையே" என்றேன்.

பல்லிடுக்கில் இன்னும் மாவு இருந்தது.