மாரிக்கனியோடு வந்த நாற்பது நிமிடம்

ராஜபாளையத்துத் தேவஇரக்கத்துக்கு எண்பது வயது நிறைவதை விழாவாகக் கொண்டாட முன்னாள் ராணுவத்தினர் சங்கம் முடிவு செய்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்து, ஐந்து நாள் முன்னதாகவே வாசலில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். செயலாளர் சுந்தரபாண்டியன் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். இயந்திரத் துப்பாக்கி ஏந்திய யாரோ ஒருவனின் உடம்பில் தேவஇரக்கத்தின் முகம். கீழே, ‘எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய சிங்கம்.’

தேவஇரக்கம் உடனே போன் போட்டார்.

“பாண்டியா, நான் ஆம்புலன்ஸ் ஓட்டுனவன்லா. ஒருத்தனையும் சுட்டது கெடையாது.”

“இருக்கட்டும் அண்ணாச்சி. யாரு வந்து கேக்கப்போறா?”

“நான் கேக்கேன். அது அங்கன இருந்தா நான் வரமாட்டேன்.”

மாற்றிவிடுவதாகச் சுந்தரபாண்டியன் ஒப்புக்கொண்டார். ஆனால் போனை வைத்த பிறகும் தேவஇரக்கம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மனைவி இன்பம் காபி கொண்டுவந்தார்.

“அதான் மாத்துதேன்னு சொல்லிட்டாவல்லா. பொறவு என்ன?”

“நான் சொன்ன பொய் ஒண்ணு கெடக்கு, இன்பம்.”

வ. புதுப்பட்டியில் பிறந்து, லாரி கிளீனராக இருந்து, இருபது வயதில் பட்டாளத்தில் டிரைவரானவர் அவர். பென்ஷனோடு வந்தபின் முப்பது வருடம் மில் வேன் ஓட்டினார். ஊருக்கு அம்புட்டுத்தான் தெரியும். போர் நடந்த அந்த டிசம்பரில், பஞ்சாப் எல்லையில் அடிபட்ட நால்வரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினார். பின்னால் இடம் போதாமல், வயிற்றில் காயம்பட்ட ஒருவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பேச்சைக் கேட்டதுமே ஊர் தெரிந்துவிட்டது. புதுப்பட்டிக்குப் பக்கத்து ஊரான கூமாப்பட்டியின் மாரிக்கனி. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவன், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது இறந்து போயிருந்தான்.

லீவில் வந்தபோது அவனுடைய அம்மா அழகுத்தாயைப் போய்ப் பார்த்தார். “எம் பிள்ளை ரொம்பக் கஷ்டப்பட்டானா?” என்று அந்த அம்மா கேட்டாள். “குண்டு பட்ட நிமிசமே போயிட்டான், வலியே இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அழகுத்தாய் காலமாகி வெகு நாளாகிவிட்டது. மாரிக்கனியின் தங்கை பெத்தம்மாள் கூமாப்பட்டியிலேயே இருந்தாள். மறுநாள் இன்பத்தையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பெத்தம்மாளுக்கும் எழுபது தாண்டியிருந்தது. வாசலில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் அவர் தான் யாரென்று சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். “உங்க அம்மாட்ட பொய் சொல்லிட்டேன் தாயி. ஒங்கண்ணன் ஒடனே சாகல. நாப்பது நிமிசம் எம் பக்கத்துல இருந்தான்.”

அவள் மட்டையைக் கீழே வைத்தாள். இன்பம் அவளருகே போய் உட்கார்ந்தார்.

“வலிச்சிச்சாண்ணே?”

“வலிச்சிச்சு. எஞ் சட்டையைப் பிடிச்சிக்கிட்டான்.”

“என்ன பேசுனான்?”

“கண்மாய் பெருகிருக்குமான்னு கேட்டான். ஒங் கல்யாணத்துக்கு லீவு குடுப்பாவளான்னு கேட்டான். மாப்பிள்ளை ஒனக்குக் குட்டைன்னு சொல்லிச் சிரிச்சான்.”

பெத்தம்மாளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. “அவிய குட்டைதான்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இம்புட்டு வருசமா அவன் ஒத்தையில கெடந்து செத்தான்னு நெனச்சிருந்தேன். நம்ம பேச்சுக் கேட்டுக்கிட்டேதான் போயிருக்கான். இதை முன்னமே சொல்லிருக்கலாம்ணே” என்றாள்.

“பயந்துட்டேன் தாயி.”

அவள் இருவரையும் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினாள். கிளம்பும்போது இன்பம் அவளை விழாவுக்கு அழைத்தார்.

விழா நாளில் வாசலில் புது பிளெக்ஸ் இருந்தது. தேவஇரக்கத்தின் பாஸ்போர்ட் படம், அடியில் ‘ஆம்புலன்ஸ் ஓட்டுநர்’ என்று மட்டும். மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. சபை ஊழியர் சின்னதாக ஜெபம் செய்தார். சுந்தரபாண்டியன் சால்வையை விரித்தபோது, முன்வரிசையிலிருந்து பெத்தம்மாள் எழுந்து மேடைப் படியேறினாள்.

“செத்த நேரம் நில்லுங்க தம்பி” என்று சால்வையை வாங்கிக்கொண்டாள். “எங்கண்ணனைக் கடைசியா கூட்டிட்டு வந்தவரு. நான் போடுதேன்.”

அவர் உயரம், அவளுக்கு எட்டவில்லை. தேவஇரக்கம் தலையைக் குனிந்து கொடுத்தார்.