இருக்கிறது என்று சொன்ன கோடு

உலகம்மையைப் பற்றி எங்கள் கம்பெனியில் இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் நாக்கு வெந்துவிடுமோ என்னவோ. நான் பேசுவேன். என் வாயைக் கட்ட எந்த மேனேஜரும் இன்னும் பிறக்கவில்லை.

அவள் அச்சன்புதூர்க்காரி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் கம்பெனி. அங்கே முயல் பார்க்கிற வேலை அவளுக்கு, பேக்கிங் எனக்கு. மனித உடம்பில் உள்ள ஏதாவது ஒரு என்சைமின் துணுக்கை முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். முயலின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து ஆன்டிபாடி உண்டாக்கும். காது நரம்பில் ரத்தம் எடுத்து, அந்த ஆன்டிபாடியைப் பிரித்து, சின்னக் குப்பியில் அடைத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புவோம். ஒரு ரத்தத்தில் அந்த என்சைம் இருக்கிறதா இல்லையா என்று அதை வைத்துப் பார்க்கலாம். 'ஆராய்ச்சிக்கு மட்டும், நோய் கண்டறிய அல்ல' என்று குப்பிக்குக் குப்பி லேபிள் ஒட்டுகிறவள் நான்தான்.

உலகம்மை கை வைத்தால்தான் முயல்கள் அடங்கும். வெந்நீரில் நனைத்த துணியைக் காதில் ஒற்றிக்கொண்டே, "ஏட்டி, ஆடாம இரி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று பேச்சுக் கொடுப்பாள். என்னைப் பார்த்தால், "ரூபியக்கா, ஒங்க வாய்க்கும் ஒரு ஊசி கெடைக்குமான்னு கேட்டுருக்கேன்" என்பாள். அப்படி ஒரு குறும்பு.

கணவன் குமரகுரு, அவளுடைய தாய்மாமன்தான். கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறான். ஒரே பிள்ளை முத்துலட்சுமி. நாலாம் வகுப்புக்குப் போனபோது அந்தப் பிள்ளை தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பித்தாள். தரையிலிருந்து எழ வேண்டுமென்றால் சொந்த முழங்காலையே பிடித்து ஏறி எழ வேண்டியிருந்தது. ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டர் பார்த்தார். "சொந்தத்துலயா கட்டுனீங்க?" என்றுதான் முதலில் கேட்டாராம். தசைக்கு வேண்டிய ஒரு என்சைமில் கோளாறு இருக்கலாம், ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம், ரத்தம் எடுக்க அடுத்த வாரம் வாருங்கள் என்றார். என்சைமின் பெயரையும் சொன்னார். உலகம்மைக்கு அது தெரிந்த பெயர். அவள் பார்க்கிற முயல்களில் ஒன்றுக்கு அந்த என்சைமைத்தான் ஊசி போட்டிருந்தார்கள்.

ஏசுவே, அந்தப் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா!

மறுநாளே ஜெபஸ்டின் சாரிடம் போய் நின்றாள். எங்கள் ஆய்வகத்தில் பெரிய படிப்புப் படித்தவர் அவர். "சார், நம்ம மொசல் ரத்தத்தை வச்சே பாத்துச் சொல்லிருங்க. சென்னைக்காரன் சொல்லுததைவிட எம் மொசல் சொன்னா நம்புவேன்."

"சார், லேபிள்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தீயளா?" என்று நான் கேட்டேன். "சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான், ரூபி" என்று சிரித்தார்.

பிள்ளையின் ரத்தத்தையும், ஒப்பிடுவதற்காகத் தன்னுடைய ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த என்சைம் இருந்தால் கருப்பாக ஒரு கோடு விழும். இரண்டிலும் விழுந்தது.

"இருக்கு, உலகம்மை" என்றார்.

அவள் அங்கேயே அவர் காலில் விழுந்துவிட்டாள். ஆனால், அந்தக் கோடு என்சைம் இருக்கிறது என்றுதான் சொல்லும், அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் சென்னைக்கு அனுப்பச் சொன்னார் அந்த டாக்டர். இது ஜெபஸ்டின் சாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அழுதுகொண்டே சிரிக்கிற அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. மனசாம், மனசு! அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தவர், சொல்லவே இல்லை.

"இருக்குன்னு பெரிய சாரே சொல்லியாச்சு. பொறவு எதுக்குப் பிள்ளையைப் போட்டு அலைக்கழிக்கணும்?" என்றான் குமரகுரு. திருநெல்வேலிக்குப் போகவில்லை. முட்டை கொடுத்தார்கள், ஆட்டுக்கால் சூப் கொடுத்தார்கள், விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டார்கள். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். "சத்துதான் பத்தல. மத்ததெல்லாம் இருக்குல்ல" என்பாள் உலகம்மை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வருஷம் சீசன் சாரலில் சளி பிடித்தது. அந்தச் சளியை இருமி வெளியே தள்ளக்கூடப் பிள்ளையின் நெஞ்சில் தெம்பில்லை. திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே டாக்டர். "அன்னைக்கு வரச் சொன்னேனே, ஏன் வரல?" என்று கத்தினார். இப்போது ரத்தம் சென்னைக்குப் போனது. முடிவு வருவதற்குள் பிள்ளை போய்விட்டாள்.

என்சைம் இருக்கிறது, துளியும் வேலை செய்யவில்லை என்று முடிவு வந்தது. இதற்கென்று ஊசிமருந்து உண்டு, அன்றைக்கே தொடங்கியிருந்தால் இன்னும் பல வருஷம் இருந்திருப்பாள் என்றார் டாக்டர். அதை இப்போது சொல்லி என்ன, சொல்லாமல் என்ன.

காரியம் முடிந்த பிறகு ஜெபஸ்டின் சார் அச்சன்புதூருக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். வாசலிலேயே நின்று, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கோடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அது தெரிந்தும் அன்றைக்கு எதை விழுங்கினார் என்பதெல்லாம். சொல்லச் சொல்லத் தேம்பித் தேம்பி அழுதார். குமரகுரு எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

நான் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். உலகம்மை என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அழாதீங்க சார். நீங்க நல்லவரு. கெட்டவரா இருந்திருந்தா நான் ஒங்க பேச்சை நம்பியிருக்க மாட்டேன். எம் பிள்ளையும் இருந்திருப்பா."