அக்காவோடு அடக்கம் செய்த போன்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் பள்ளங்கி ஊராருக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதி அச்சடித்துக் கொடுக்கிறேன்.

அக்கா பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். நாங்கள் கப்பலேறி வந்தபோது கடைசித் தம்பி மட்டும் வரவில்லை. அங்கேயே தங்கிவிட்ட, பிள்ளையில்லாத சித்தப்பாவின் குடும்பப் பதிவில் அவன் பெயர் இருந்தது. அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அக்காதான். இங்கே வந்து பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் கூலி வேலை செய்து என்னைக் கட்டிக்கொடுத்தார், மகனை ஆளாக்கினார். யாரையும் வைய மாட்டார். கோபம் வந்தால் பாத்திரங்கள்தான் பேசும்.

மகன் டச் போன் வாங்கிக் கொடுத்தபோது அதைப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்துவிட்டார்.

“ஏலே, எனக்கு எதுக்கு இது? நான் பேச வேண்டிய சனமெல்லாம் கூப்பிடு தூரத்துலதான கெடக்கு.”

மருமகள் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். “கண்ணு தெரியலத்தா” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டு வருடம் அது பெட்டியிலேயே கிடந்தது.

பழனிக்குச் சாமி கும்பிட வந்த அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர், எங்களை விசாரித்து மலையேறி வந்தார். தம்பியின் நம்பர் எழுதிய சீட்டை நீட்டி, முகம் பார்த்தே பேசலாம் என்றார். அன்று சாயங்காலமே அக்கா பெட்டியைத் திறந்தார். எழுத்தே தெரியாதவர், ஒரே வாரத்தில் தம்பியின் படத்தைத் தொட்டுக் கூப்பிடப் பழகிவிட்டார். வீட்டில் சிக்னல் வராது. வெள்ளனே எழுந்து, பனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ரோட்டு வளைவுக்கு ஏறிப் போவார்.

நானும் கூடப் போவேன். ஆனால் போனைக் கையில் வாங்க மாட்டேன். என் பக்கம் திருப்பினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

“பாருடா தம்பி, அஞ்சாப்பு படிச்சவள. போனு என்னமோ இவளப் பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்படுறா!”

“சின்னக்கா, ஒரு வார்த்த பேசுங்களேன்” என்று தம்பி கெஞ்சுவான். ஒருநாளும் பேசியதில்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், பெரியக்காவைப் பார்க்க வருவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. மூன்றே நாளில் போய்விட்டார்.

போகிறவர்களுக்குப் பிரியமானதைக் கூடவே வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். வெற்றிலைப் பையை வைத்தேன். அதைவிடப் பிரியமானது எது என்று நினைத்து, போனையும் சேலை மடிப்புக்குள் வைத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் மகன் தேடினான்.

“அய்யோ சித்தி, மாமா நம்பர் அதுலதான இருந்துச்சு!”

சீட்டும் போன் உறைக்குள்தான் இருந்தது. தம்பிக்குச் சொல்ல வேறு வழியில்லை. மண்ணுக்குள் அது எத்தனை முறை அடித்து ஓய்ந்ததோ என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகன் கொடைக்கானலுக்குப் போய் அதே நம்பருக்கு வேறு சிம் கார்டு வாங்கி வந்து, தன் பழைய டச் போனில் போட்டுக் கொடுத்தான். இனி தம்பியாகக் கூப்பிட்டால்தான் உண்டு. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். வளைவில் போய் உட்கார என்னை விட்டால் ஆளில்லை. போன் அடித்தால் பச்சைப் பொத்தானைத் தள்ளி எடுக்க மருமகளிடம் நானே கேட்டுப் பழகினேன். பல நாள் காத்திருந்த பிறகு ஒரு காலையில் அடித்தது.

“பெரியக்கா எங்க?” என்றான்.

“காட்டுக்குப் போயிருக்கு” என்று சொல்லிவிட்டேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

அப்புறம் தினமும் கூப்பிட்டான். மழை, தேயிலைக் கொழுந்து, பேரப்பிள்ளைகள் என்று பேசுவான். அக்காவை மட்டும் கேட்கவே இல்லை. கேட்காதவரை நல்லது என்று நானும் இருந்துவிட்டேன்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப்காரருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரித்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் நன்றி. ஒருவனிடம் மட்டும் நன்றிக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அவனுக்குத் தெரியாததை ஊருக்கு எப்படி அச்சடித்துக் கொடுப்பது? இதை அச்சுக்கு அனுப்பும் முன், வளைவில் உட்கார்ந்து இதுவரை எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். முகத்தை மூடவில்லை.

குறுக்கே பேசாமல் கேட்டான். வாசித்து முடித்ததும் சொன்னான்:

“ஒத்தையா அங்க உக்காந்து அழுவீங்கன்னுதான் நான் கேக்கல சின்னக்கா. பெரியக்கா இருந்தா நீங்க எங்க போனத் தொடப்போறீங்க? நீங்க எடுத்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருச்சு.”