ஊருணிக் காவல்

எங்கள் ஊரில் குடிக்க ஊருணித் தண்ணீர்தான். மாடு இறங்காமல் பார்க்க ஒரு காவல்காரர் இருந்தார். அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மரக்கால் கம்பு அவருக்குக் கட்டாயம் அளக்க வேண்டும்.

ஒரு வருஷம் ஊர்க்கூட்டத்தில், ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்த பெரிய சம்சாரி எழுந்து, "கட்டாயம் எதுக்குங்கேன்? இஷ்டப்பட்டவிய இஷ்டப்பட்டதைக் குடுக்கட்டும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நாங்கள் பழையபடி அளந்தோம். பெரிய சம்சாரி வீட்டிலிருந்து கம்புக்குப் பதில் ஒரு சுளகு பதர் வந்தது. அதைப் பார்த்த மற்றவர்களும் கையைச் சுருக்கினார்கள். காவல்காரர் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

மறுவாரமே ஊருணிக்குள் பெரிய சம்சாரியின் எருமைகள் படுத்துக் கிடந்தன.

"அண்ணாச்சி, ஒங்க எருமைய ஓட்டிட்டுப் போங்க. குடிக்கிற தண்ணி" என்று கரையில் நின்றவரிடம் சொன்னாள் என் நாத்தனார்.

"காவக்காரன் எங்க போனான்? அவனைப் போயி கேளு."

எனக்கு ஆண்கள் முன்னால் வாய் வராது. குடத்து வாயில் துணி கட்டித் தண்ணீர் மொண்டேன். துணியில் சாணி நின்றது. அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.