கரை ஏறிய வண்டிகள்

காரைக்காலை அடுத்த விழிதியூர்ப் பக்கம் சொந்தமாக பிக்கப் வண்டி வைத்து ஓட்டும் ஒரே பெண் மங்கையர்க்கரசி. பிறந்த ஊர் சுரக்குடி. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் டிராக்டரைச் சேற்றில் இறக்கி ஏற்றப் பழகியவள். விழிதியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் பல வருஷம் வேன் ஓட்டினாள். பிள்ளைகளை ஏற்றிய வண்டியைப் பதமாக ஓட்ட வேண்டும். அது அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் பாரம் ஏற்றிய வண்டி முக்கி முனகி மேடேறி, சமதளத்துக்கு வந்ததும் சட்டென்று இலகுவாகும் பாருங்கள், அந்த நேரத்துக்காகவே லோடு வண்டி ஓட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் ராஜ்மோகன் மின்துறையில் லைன்மேன். மனைவியின் ஆசை அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு சந்தேகம்.

"பொம்பள ஓட்டுற வண்டிக்கு லோடு குடுப்பாங்களா மங்கை?"

"நெல்லு மூட்டைக்கு ஆம்பள பொம்பள தெரியுமாங்க?"

புது வண்டி வந்தது. வெள்ளை நிறம். முதல் வருஷம் ஓட்டம் நன்றாகவே இருந்தது. உர மூட்டை, மாட்டுத் தீவனம், கல்யாண வீட்டு நாற்காலி, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் மெஸ்ஸுக்கு அரிசி, காய்கறி என்று எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் ஏற்றினாள். நேரம் தவறாத வண்டி என்று பெயர் வந்தது. திருநள்ளாறு சாலையில் பிக்கப் வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டில் ஆரம்பத்தில் அவளை ஓரக்கண்ணால் பார்த்தவர்கள்கூட, பிறகு டீ சொல்லும்போது அவளுக்கும் சேர்த்துச் சொன்னார்கள்.

இரண்டாவது வருஷம் வண்டி நோய்வாய்ப்பட்டது.

காரைக்காலில் மலை கிடையாது, குன்று கிடையாது. மேடு என்றால் ஆற்றுப் பாலம், அதை விட்டால் ஆற்றுக் கரை. வயலில் லோடு ஏற்றினால் கரைமேல் ஏறித்தான் தார் ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் மதியம், பந்தல்காரர் ஒருவரின் இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு நூலாற்றுக் கரையில் ஏறும்போது, பாதிச் சரிவில் வண்டி இழுக்காமல் போனது. மிதிக்க மிதிக்க உறுமியதே தவிர நகரவில்லை. பின்னால் கறும்புகை கிளம்பியது. முன்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் பிரேக்கில் காலை வைத்து, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, வண்டியை அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கி நிறுத்தினாள். நடவு வயலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிக் குழாயை இறக்கிவிட்டு ஏறியதில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் செய்தி அவளுக்கு முன்பே ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே செம்பியன்தான் வாய்க்காரன். நன்றாக ஓட்டுபவன், அந்தப் பெருமை உள்ளவன்.

"கரை ஏத்துறதுன்னா கியர்ல இருக்குக்கா சூட்சுமம்," என்றான். "ஸ்கூல் வேன் ஓட்டுன கால் அது. மெதுவாத்தான் மிதிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனாள். அவர்கள் வாங்கி, புறவழிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வண்டி சூப்பரா போவுதுங்க மேடம்," என்றார்கள். அந்த மஞ்சள் விளக்கும் அதற்குள் தானாக அணைந்திருந்தது. திரும்பவும் நின்றது. திரும்பவும் போனாள். டீசல் சரியில்லை, பங்க்கை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினாள். ஏர் ஃபில்டரில் தூசி என்றார்கள். துறைமுகத்துக்குப் போகும் வண்டி, நிலக்கரித் தூசி இருக்கத்தான் செய்யும். அதையும் மாற்றினாள். கடைசியில் சர்வீஸ் மேனேஜர், "ஓவர்லோடு போடுறீங்க, அதான்," என்று முடித்துவிட்டார். ஒரு மூட்டைகூட அதிகம் போடாதவள் அவள். அந்த வார்த்தைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

காரைக்காலில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்த இஃபாத்திடம் போனாள். அவன் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, வாரன்ட்டி இருக்கற வண்டி. நான் ஸ்பேனர் போட்டா நாளைக்கு அதையே சாக்கா சொல்லிடுவாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க ஓட்டுறதுல தப்பில்ல. இதே வண்டி, இதே கம்ப்ளெயின்ட், எங்கிட்ட முன்னாடியும் வந்திருக்கு."

"யாரு வண்டி தம்பி?"

"அதைச் சொல்ல மாட்டேங்க்கா. வெளிய சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வெளியே சொல்லாதே என்றால், சொல்ல வெட்கப்படுகிற ஆள். ஏன் வெட்கப்பட வேண்டும்? வண்டி கோளாறு என்று தெரிந்தால் லோடு கொடுப்பவர்கள் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார்கள். அவளுக்கே அதுதானே பயம்? அவள் மட்டுமா பயப்படுவாள்?

மறுநாள் ஸ்டாண்டில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் நேராகவே கேட்டாள்.

"என் வண்டி கரை ஏற மாட்டேங்குது. பாதியில இழுவை போயிடுது, மஞ்ச லைட்டு எரியுது, கறும்புகை அடிக்குது. சர்வீஸ்ல காட்டியாச்சு, சரியாகல. உங்க யாரு வண்டிக்காவது இப்படி இருக்கா?"

எல்லாரும் கையிலிருந்த டீயைப் பார்த்தார்கள். செம்பியன் மட்டும் வழக்கம்போல, "சனி புடிச்சிருக்குக்கா. பக்கத்துலதான நளன் குளம், ஒரு முக்கு முக்கி எடுங்க," என்றான். இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் குறைவாகவே வந்தது.

ஸ்டாண்டில் வயதில் மூத்தவர் சுப்ராயன். அவர் டீக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"எனக்கும் அதேதான்ம்மா," என்றார். "தீபாவளியிலேருந்து. பயந்துக்கிட்டே பாதி லோடுதான் ஏத்துறேன். முதுகு வலிங்குறேன், வேற என்னத்தச் சொல்றது."

அதற்குப் பிறகு மடை திறந்தது போலாகிவிட்டது. ஒருவர் மதியத்தில் லோடு எடுப்பதையே விட்டிருந்தார். ஒருவர் வண்டியை விற்றுவிட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே சமயத்தில் வாங்கியவை. செம்பியன் மட்டும் காலி கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான்.

"நான் கரைப்பக்கமே போறதில்லக்கா. மெயின் ரோட்டைச் சுத்திப் போறேன். கேட்டா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்றது." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்குப் பேசுனது தப்புதான்," என்றான்.

"அத வுடு," என்றாள் மங்கையர்க்கரசி. "நாளைக்குக் காலையில எல்லாரும் வண்டியை எடுத்துக்கிட்டு சர்வீஸ் சென்டருக்கு வாங்க. ஒத்தையா போனாத்தான ஓவர்லோடும்பாங்க."

அந்தச் சமயம் பார்த்து கம்பெனியின் இன்ஜினியர் எழிலன் வெளியூரிலிருந்து வந்திருந்தார். வாசலை அடைத்து வரிசையாக பிக்கப் வண்டிகள் நிற்பதைப் பார்த்து அவரே வெளியே வந்தார். மேனேஜர் பின்னால் ஓடிவந்து, "ஒருத்தர் சொன்னதும் எல்லாரும் சொல்றாங்க சார்," என்றார்.

மங்கையர்க்கரசி முன்னால் போய் நின்றாள். "சார், காலி வண்டியை ஓட்டிப் பார்த்துட்டு நல்லாருக்குங்குறாங்க. காலி வண்டியிலயா நாங்க பொழைக்கிறோம்? மூட்டைய ஏத்திக்கிட்டு என் பக்கத்துல உக்காருங்க. வண்டி கரை ஏறிடுச்சுன்னா, நான் இந்த வாசலுக்கே வர மாட்டேன்."

எழிலன் அவளைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார். "வாங்க, போலாம்," என்று தன் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வந்து ஏறினார்.

கம்பெனி அனுமதித்த அளவுக்குச் சரியாக மூட்டை ஏற்றினார்கள். இன்ஜினோடு ஒயர் மாட்டி, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டார் எழிலன். மேனேஜரும் பின்னாலேயே வந்திருந்தார்; கரையடியில் ஸ்டாண்டே கூடியிருந்தது. வயல் வேலைக்காரர்களும் வரப்பில் வந்து நின்றார்கள். அவள் கியரைப் போட்டு மிதித்தாள்.

வண்டி ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டது.

அவள் திருப்பி இறக்கி மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அலுங்காமல் ஏறியது. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் விட்ட கதை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே நின்றவர்களின் முகங்களை அவளால் பார்க்க முடியவில்லை.

எழிலன் அவசரப்படவில்லை. "வழக்கமா எந்த நேரத்துல நிக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே யோசித்தாள். பந்தல் குழாய் ஏற்றிய அன்று மதியம். அதற்கு அடுத்ததும் மதியம். காலையில் ஒரு தடவைகூட நின்றதில்லை. "சூடு ஏறணும் சார்," என்றாள். "வெயில்ல ரொம்ப தூரம் லோடோட ஓடுனப்புறம்தான் நிக்கும். ஒரு நடை வாஞ்சூர் போயிட்டு வந்துடலாமா?"

"சார், உங்களுக்கு மீட்டிங் இருக்கு," என்றார் மேனேஜர்.

"அது கிடக்கட்டும்," என்றார் எழிலன்.

கீழவாஞ்சூர் வரை பாரத்தோடு போனார்கள். துறைமுக லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, புழுதியும் அனலும் முகத்தில் அடிக்கத் திரும்பினார்கள். உச்சி வெயிலில் நூலாற்றுக் கரைக்கு வந்தபோது யாரும் கலைந்து போயிருக்கவில்லை. அவள் வண்டியை நிறுத்தாமல் அப்படியே கரைக்குத் திருப்பினாள்.

பாதிச் சரிவில் இன்ஜின் உறுமியது. கறும்புகை கிளம்பியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நின்றுவிட்டது.

கீழே ஒரே கூச்சல். சுப்ராயன் துண்டைத் தூக்கிச் சுழற்றினார். செம்பியன் விசிலடித்தான். வரப்பில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். ஒரு வண்டி நின்றுபோனதற்கு ஊர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்தக் கரை அதற்கு முன் பார்த்திருக்காது.

"கெடச்சிடுச்சு!" என்றார் எழிலனும், தன்னை மறந்து. "டர்போ குடுக்குற காத்து இன்ஜினுக்குப் போய்ச் சேரல. நடுவுல எங்கயோ கசியுது."

வண்டியைக் கீழே இறக்கியதும், சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் அவரே அடியில் படுத்தார். ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துத் தேடினார். காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வளைகிற இடத்தில், உட்பக்கமாக, பிளேடால் கீறியது போல ஒரு வெடிப்பு. ஆறியிருக்கும்போது அது மூடிக்கொண்டுவிடும். சூடேறி, காற்றின் அழுத்தமும் கூடும்போது வாயைத் திறக்கும். அதனால்தான் சர்வீஸ் சென்டரில் யார் கண்ணிலும் அகப்படவில்லை. செம்பியன் வண்டியைப் பார்த்தார்கள். அதே இடத்தில் அதே கீறல். சுப்ராயன் வண்டியிலும் அதேதான்.

எழிலன் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஓட்டுனவங்க மேல தப்பில்லங்க. லோடு மேலயும் தப்பில்ல. ஹோஸ் தப்பு. எங்க தப்பு. எல்லா வண்டிக்கும் மாத்தித் தர்றது எங்க பொறுப்பு."

மங்கையர்க்கரசி வண்டியின் மறுபக்கம் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புழுதிதான் என்று பிறகு ராஜ்மோகனிடம் சொன்னாள்.

புது ஹோஸ் வந்து சேர்ந்தது தை அறுவடையின்போது. கெட்டி ரப்பர், மேலே துணி உறை. வண்டிகளுக்கெல்லாம் மாட்டி முடித்த கையோடு, கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மழை வரும் என்று செய்தி வந்துவிட்டது. விழிதியூரில் அறுத்த நெல் களத்திலேயே கிடந்தது. நனைந்தால் மொத்தமும் முளைத்துப்போகும். காலையிலிருந்து போன் ஓயவில்லை.

பிக்கப் ஸ்டாண்டு முழுவதும் களத்துக்கு வந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வர, மூட்டையைத் தைக்கத் தைக்க ஏற்றினார்கள். பயந்து பாதி லோடு ஏற்றிக்கொண்டிருந்த சுப்ராயன் அன்று முழு லோடு போடச் சொன்னார். அவருடைய வண்டி முதலில் கரை ஏறியது. அடுத்து ஒன்று, அதன் பின்னால் ஒன்று. அதுவரை சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்த செம்பியன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே ஏறினான். மதியத்துக்கு மேல் வண்டிகளெல்லாம் நெருப்பாய்க் கொதித்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

கடைசி லோடு மங்கையர்க்கரசியுடையது. களத்தைக் கூட்டி அள்ளிய நெல்லும் அதில்தான். சரிவில் இன்ஜின் கனமாக முனகியது. அவள் மிதித்த அளவுக்கு அது கொடுத்தது. மேலே வந்ததும் வண்டி இலகுவாகித் தார் ரோட்டில் வழுக்கியது. அவள் ஜன்னல் வழியாக ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினாள். குடோனில் கடைசி மூட்டையை இறக்கித் தார்ப்பாயை உதறும்போது, தகர ஷெட்டில் மழை சடசடவென்று விழுந்தது. களத்துக்காரர் ஒருவர் அவள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐய, என்னங்க இது, பெரியவங்க நீங்க," என்று அவள் பதறிப்போனாள். ஆனால் வீட்டுக்குப் போகும்வரை முகத்தில் சிரிப்பு போகவில்லை.

சில வாரம் கழித்து எழிலன் போன் செய்தார். அதே ஹோஸ் போட்ட வண்டிகளை நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமும் கூப்பிட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அங்கேயும் எல்லாரும் தங்கள் வண்டிக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

ஸ்டாண்டில் ஒரு சங்கம் தொடங்கி, அவளைத் தலைவியாக இருக்கச் சொன்னார்கள். முன்மொழிந்தவன் செம்பியன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: யார் வண்டிக்கு என்ன கோளாறு வந்தாலும் மறைக்காமல் அன்றைக்கே ஸ்டாண்டில் சொல்லிவிட வேண்டும். அவர் லோடை மற்றவர்கள் தட்டிப் பறிக்கக் கூடாது. வண்டி சரியாகும்வரை ஆளுக்கொரு நடை ஓட்டிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரமே செம்பியன் தன் வண்டியிலிருந்து குதித்து இறங்கி, டீக்கடை அதிரக் கத்தினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! என் வண்டி கிளட்ச் வழுக்குது! சாயங்காலம் சுரக்குடியில உர லோடு இருக்கு, யாரு போறீங்க?"

"நான் போறேன்," என்று மங்கையர்க்கரசி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.