சனிக்கிழமைப் பெண்

பெவர்லி என்ட்விசிலுக்கு வயது ஐம்பத்தேழு. இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஊர்க் கடைத்தெரு ரொட்டிக்கடையில் இன்றைக்கு அவள்தான் சனிக்கிழமைப் பெண். படிக்கிற பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் கடையில் நின்று கைச்செலவுக்குச் சம்பாதிப்பார்களே, அவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஐம்பத்தேழு வயதுப் பெண்! சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே கேளுங்கள்.

அவள் நிஜமாகவே சனிக்கிழமைப் பெண்ணாக இருந்தது பதினைந்து வயதில். செருப்புக்கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. காலணியைப் பளபளவென்று துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றாள். எப்போது வருகிறாய் என்று மட்டும் அவர் கேட்டார். நாளைக்கே என்றாள். தீர்ந்தது விஷயம். அவள் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் ஆளுக்கொரு கடையில் நின்றார்கள். அங்கே பழகிய வாய்தான் பிறகு அவளுக்கு வங்கியில் கவுண்டர் வேலையும் வாங்கிக் கொடுத்தது. முப்பத்தேழு வருஷம் அங்கே உட்கார்ந்தாள். போன வருஷம் அந்தக் கிளையை இழுத்து மூடிவிட்டார்கள். கணவன் கீத்தோ முதுகு போய் வீட்டோடு கிடக்கிறான்.

ஃப்ரேயா அவர்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகள். பதினேழு வயது, இன்னும் படிக்கிறாள். ஆறு மாதமாக வேலை தேடி அலுத்துப் போயிருந்தாள். எந்தக் கடை விண்ணப்பத்தைத் திறந்தாலும் முன் அனுபவம் என்று ஒரு கட்டம். அனுபவமே இல்லாதவள் அதில் எதை எழுதுவாள்? எங்கேயாவது நாலு சனிக்கிழமை நின்றுவிட்டால் போதும், அந்தக் கட்டத்துக்கு ஒரு வரி கிடைத்துவிடும் என்று புலம்புவாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

பெவர்லி இதையெல்லாம் நம்பவில்லை. "நேர்ல போய்க் கேக்கணும்டி. போனையே தடவிக்கிட்டிருந்தா எவன் குடுப்பான்?" என்று திட்டி, மகளின் காலணியைத் தானே துடைத்து, ரொட்டிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேலாளர் டேரன் நல்ல பையன்தான். காலணியை மட்டும் அவன் பார்க்கவேயில்லை.

"கம்ப்யூட்டர்ல போடச் சொல்லுங்கம்மா. என் கையில ஒண்ணும் இல்ல," என்றான்.

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃப்ரேயாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். எந்த நாள் கூப்பிட்டாலும் வர முடியுமா என்று ஒரு கேள்வி. எல்லாரும் முடியும் என்றுதான் போடுவார்களாம். உள்ளதைப் போடு, நேர்மையைத்தான் பார்ப்பார்கள் என்று பெவர்லி அடித்துச் சொன்னாள். சனி, ஞாயிறு மட்டும் என்று போட்டாள் பிள்ளை. தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. வேண்டாமாம். மனுஷன் யாரும் படித்திருக்கக்கூட மாட்டான்.

பெவர்லிக்கு வந்ததே ஆத்திரம்! இந்த மிஷின் யாரைத்தான் எடுக்கும் பார்க்கிறேன் என்று தன் பெயரைப் போட்டாள். அனுபவம் முப்பத்தேழு வருஷம். எந்த நாளும் வரலாம். வீம்புக்குத்தான் போடுகிறேன் என்று மகளிடம் சொன்னாள். பாதி வீம்பு, பாதி வயிற்றுப்பாடு என்பது அவளுக்கே தெரியும். மூன்றாம் நாள் டேரன் கூப்பிட்டான். மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை.

மகளிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினாள். கடைசியில் கொடியில் காய்ந்த சீருடைதான் சொன்னது.

"நான் கேட்ட வேலையா?"

"ஆமாடி."

"சரி," என்றாள் ஃப்ரேயா. கத்தியிருந்தாலாவது பெவர்லிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஆர்மராட் என்ற பழைய வங்கி வாடிக்கையாளர் பன் வாங்க வந்தார். அவருக்குப் பின்னால் ஃப்ரேயா நின்றாள். கீத் ரொட்டி வாங்கிவர அனுப்பியிருந்தான். இவள் இன்னார் மகள் என்று ஆர்மராட்டுக்குத் தெரியாது.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உடம்பு வளைய மாட்டேங்குது. பாரு, சனிக்கிழமையும் உன்னை மாதிரி ஆளுங்கதான் நிக்க வேண்டியிருக்கு," என்றார்.

வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது பெவர்லிக்குப் பதினைந்து வயதிலேயே படிந்த பழக்கம்.

"ஆமாங்க," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆர்மராட் பன்னை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஃப்ரேயா முன்னால் வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைப் பார்த்தாள்.

"ஒரு ரொட்டி குடுங்க, மேடம்," என்றாள்.