பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு, ஜெர்மன் மணியில்

வியாழக்கிழமை காலை 10.15. கிள்ளான் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு, முருகா என்று சொல்லி கொமுட்டர் ரயில் ஏறினேன். ஜெர்மனியிலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸ் ஹோட்டலில் தங்கியிருக்கும் சம்பந்தியம்மாள் ஹைக்கேயை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துவரப் போகிறேன். மகளும் மாப்பிள்ளையும் திருமணப் பதிவு வேலையாகப் புத்ராஜெயா போய்விட்டார்கள். ஒன்றரைக்கு ராகு காலம். அதற்குள் அந்த அம்மாள் எங்கள் வாசற்படி தாண்ட வேண்டும். நாளை என் மகள் வாழப்போவது அவர் வீட்டில் அல்லவா!

நான் லோரி ஓட்டிப் பிழைத்தவன். ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். அதனால் மணி சொல்ல மட்டும் மகளிடம் ஜெர்மன் கற்றுக்கொண்டேன்.

11.30. ஹோட்டல் வாசலில் தயாராக நின்றிருந்தார். "ஹால்ப் ட்ஸ்வோல்ஃப்!" என்றேன். பதினொன்றரையை அவர்கள் பன்னிரண்டுக்குப் பாதி என்றுதான் சொல்வார்கள். கைக்கடிகாரத்தைக் காட்டி, "சூப்பர்!" என்று கைகுலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. வழியில் பூக்கடையைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். முழம் மல்லிகை மூன்று ரிங்கிட்.

"முடி கழுத்துக்கு மேலேயே நிக்குது, நான் எங்கண்ணே வைக்கிறது?" என்றார் பூக்கார அக்கா.

"எப்படியாச்சும் வைங்கக்கா, சம்பந்தி லா!"

"அப்படிச் சொல்லுங்க! இருங்க, கிளிப் எடுத்துட்டு வரேன்."

ஐந்து கிளிப், நாலு போட்டோ. 12.05 ரயில் போய்விட்டது.

12.35 ரயிலில்தான் இடம் கிடைத்தது. அவர் உற்சாகமாகப் பாடம் நடத்தினார். கால் மணி கடந்தால் 'ஃபியர்டல் நாஹ்', கால் மணி இருந்தால் 'ஃபியர்டல் ஃபோர்'. பயணம் போகிறவர்கள் கவனிக்க: அங்கே ரயில் அட்டவணையில் மதியம் மூன்று என்பது பதினைந்து. தேதியில் நம்மைப்போல நாள் முதலில், மாதம் பிறகு. இருபத்தைந்து மாதிரி எண்களை மட்டும் 'ஐந்தும் இருபதும்' என்று திருப்பிச் சொல்கிறார்கள். நான் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் எதிர் சீட்டு மலாய்க்கார மாணவி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

1.40. கிள்ளான். இறங்கியதும் மனைவியின் போன்.

"எங்கங்க இருக்கீங்க? ஒன்றரை தாண்டிருச்சு! இப்ப உள்ளே கூட்டிட்டு வந்துராதீங்க, சொல்லிட்டேன்!"

"அந்தம்மா பசியோட இருக்காங்க லா."

"நானுந்தான் பசியோட இருக்கேன். மூணு மணிக்கு வாங்க."

வீட்டுக்குப் பத்து நிமிடம்தான். ஆனால் காரை ஒரு காப்பிக்கடையில் நிறுத்தினேன். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வெளியே உட்காரவைக்கிறார்களே என்று நினைத்துவிட்டால்? அந்த மனத்தாங்கல் என் மகள் தலையில் அல்லவா விழும்! தெரிந்த வார்த்தைகளையெல்லாம் கூட்டினேன்.

"ஹால்ப் ட்ஸ்வை, நாட் குட். ட்ரை ஊர்... குட். சாமி டைம்." ஒன்றரைக்கு அவர்கள் சொல்வது 'ஹால்ப் ட்ஸ்வை', மூன்று மணிக்கு 'ட்ரை ஊர்'.

அவர் சிரிக்கவில்லை. தே தாரிக் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மை ஹோம் ஆல்சோ," என்றார். "பர்த்டே டுமாரோ, டுடே நோ ஹேப்பி பர்த்டே. நெவர்! பேட் லக்!"

பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால் வாழ்த்துவது அவர்கள் ஊரில் ஆகாதாம். அவர் அக்காள் ஒருமுறை முந்திக்கொண்டு வாழ்த்தப்போக, இவர் அக்காளின் வாயைப் பொத்தினாராம். பொத்தியும் காட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

2.57. வீட்டு வாசல். மனைவி ஆலத்தித் தட்டோடு நின்றாள். சோறு ஆறுகிற கவலை அவளுக்கு.

"பரவால்ல, வாங்க சம்பந்தி, வாங்க!"

ஹைக்கே அம்மாள் கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். "நைன்! ட்ரை ஊர்!" ஜெர்மனில் 'நைன்' என்றால் 'இல்லை'.

"என்னங்க இது, நம்மள மிஞ்சிட்டாங்க!" என்றாள் மனைவி.

சரியாக மூன்றுக்கு ஆலத்தி சுற்றினாள். நாங்கள் சொல்லாமலே அவர் வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தார்.

சாயங்காலம் அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவந்தேன். நேரம் பார்க்கிற வீட்டுக்குத்தான் பெண்ணைக் கொடுக்கிறோம். முருகன் கைவிடவில்லை. இரவு மகளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "மாமியார் பிறந்தநாளுக்கு மட்டும் முதல் நாளே வாழ்த்திராதேம்மா."